ஆளில்லாத ஊரில் ஒரு ராக்கெட் வண்டி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரம் எல்லோரும் அதைச் சுற்றி நிற்பார்கள். இரண்டாவது வாரம் பையன் மட்டும் உட்கார்ந்திருப்பான். மூன்றாவது வாரம் அந்தப் பையனின் அம்மா யாருக்காவது போன் செய்வார். எங்கள் குடும்பத்தில் அந்தப் போன் எனக்கு வந்தது. நான் சாஃப்ட்வேர் என்ஜினியர் என்பதால், கம்ப்யூட்டர் செய்யும் எல்லாக் குற்றங்களுக்கும் நான்தான் பொறுப்பு!

“தம்பி, நீ சொன்னேன்னுதான் வாங்கிக் கொடுத்தோம். இவன் எந்நேரமும் குண்டு போட்டுக்கிட்டே இருக்கான். பேசாம எடுத்து உள்ள வச்சுப் பூட்டிடவா?” என்றாள் திருவையாற்றில் இருக்கும் அக்கா. பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். “பொங்கலுக்கு வருவேன்ல, வந்து பார்த்துட்டுச் சொல்றேன்” என்று வாய்தா வாங்கினேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்ட வேண்டாம். ஆனால் பையனைத் தனியாக விடவும் வேண்டாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த கேம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கவனிக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு வண்டியின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் அக்கா வீட்டுக்குப் போனோம். கரும்பையும் மஞ்சள் கொத்தையும் இறக்கி வைக்கும் முன்பே மருமகன் என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போய்விட்டான். அவன் விளையாடுவது ‘வார் தண்டர்’ என்ற கேம். இரண்டாம் உலகப் போர்க் காலம் தொடங்கி நவீன காலம் வரையிலான டாங்கிகள், விமானங்கள், கப்பல்கள் எல்லாம் இதில் உண்டு. இன்டர்நெட் வழியாக உலகில் எங்கோ இருக்கும் ஆட்களோடு இரண்டு அணிகளாகப் பிரிந்து மோத வேண்டும். விளையாடுவது இலவசம். வண்டிகளை மட்டும் ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும்.

அவன் எனக்குக் கொடுத்த வண்டியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முன்பக்கம் லாரி போல இரண்டு டயர். பின்பக்கம் டாங்கி போல இரும்புப் பட்டை. கூரையின் மேல் பத்துக் குழாய்கள், ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. பெயர் ‘பான்ட்சர்வெர்ஃபர் 42’. ஜெர்மானியர்கள் 1943 முதல் தயாரித்த ராக்கெட் வண்டி. மொத்தமே சுமார் 300 வண்டிகள்தான் செய்தார்கள்.

“மாமா, இதுல நீங்க நாலு பேரை அடிச்சுட்டா உங்களை ஒத்துக்கறேன்” என்றான்.

முதல் நாள் ஏழு முறை செத்தேன்.

சுடத் தெரிந்தால் போதாது

இந்த வண்டியை எப்படி ஓட்டுவது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதிதாகக் கேம் விளையாட வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்தேன். களத்தில் இறங்கியதும் ‘ஃபார்வர்டு’ கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராக நடுவூருக்குப் போனேன். இந்த வண்டியின் இரும்புத் தகடு 10 மில்லிமீட்டரைத் தாண்டாது. நல்ல மெஷின்கன் ஒன்று போதும், கதை முடிந்துவிடும். முதல் மூன்று சாவும் இப்படித்தான்.

நான்காவது முறை ஒரு சுவருக்குப் பின்னால் ஒளிந்து, பத்து ராக்கெட்டையும் ஒரே டாங்கியின் மேல் விட்டேன். ஏழு பக்கத்து வீட்டில் விழுந்தன, இரண்டு வானத்தில் போயின, ஒன்று பட்டது. அந்த டாங்கி திரும்பிப் பார்த்தது. எங்கிருந்து சுட்டேன் என்று அவருக்குக் கேட்கவே வேண்டியதில்லை. என் வண்டிக்கு மேல் புகை அப்படியே நின்றுகொண்டிருந்தது!

“சுட்ட இடத்துல நிக்கக் கூடாது மாமா. விட்டவுடனே ஓடிடணும்” என்றான் மருமகன். அவன் கேமில் கற்ற இந்தப் பாடம் அப்படியே நிஜம். ஜெர்மானியர்கள் முதலில் இந்த ராக்கெட் குழாய்களைச் சக்கரம் வைத்த பீடத்தில் பொருத்தி, வேறு வண்டியில் கட்டி இழுத்துப் போனார்கள். சுட்டதும் எழும் புகை இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். எதிரியின் பீரங்கி பதில் சொல்வதற்குள் கட்டி இழுத்துக் கிளம்ப வேண்டும். அதனால்தான் குழாயை வண்டியின் மேலேயே ஏற்றினார்கள். கேமில் நான் செத்த காரணம்தான் இந்த வண்டி பிறந்த காரணம்.

ராக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புவதும் நிஜத்தில் உள்ளபடிதான். எல்லாவற்றையும் ஒரே நொடியில் விட்டால் அந்தத் தள்ளு விசையைத் தாங்குவது கஷ்டம். ஒவ்வொரு ராக்கெட்டும் 15 சென்டிமீட்டர் விட்டம், 30 கிலோவுக்கு மேல் எடை. நேராகப் போவதற்கு இறக்கை கிடையாது. வாயு வெளியேறும் துளைகளைச் சாய்வாக வைத்திருப்பதால், தீபாவளிச் சங்குசக்கரம் போலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகும். என்ன சுற்றினாலும் குறி சுமார்தான்.

இந்த வண்டியை வைத்துப் பழக விரும்புபவர்களுக்கு என் யோசனை: போரில் இறங்கும் முன் ‘டெஸ்ட் டிரைவ்’ பகுதிக்குப் போங்கள். அங்கே உங்களைத் துரத்த வேறு ஆட்கள் கிடையாது. ராக்கெட் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு களத்தில், அடிக்க வேண்டிய இடத்தைத் தேடும் முன்பே, அடித்த பின் ஓடும் வழியைப் பார்த்து வையுங்கள். மறுநாள் மதியம் நான் இரண்டு பேரை அடித்தேன். நான்கு பேர் இன்றுவரை முடியவில்லை.

அப்பாவின் கேள்விகள்

மாட்டுப் பொங்கல் அன்று மாலை அப்பா அறைக்குள் வந்து எங்கள் பின்னால் நின்றார். அவர் மவுஸைத் தொட்டதில்லை. ஆனால் திரையில் வண்டியைப் பார்த்ததும், “முன்னாடி டயரு, பின்னாடி பெல்ட்டா? சேத்துல இறங்குற வண்டியா இது?” என்றார்.

எனக்கு வியப்பாகிவிட்டது. நான் நெட்டில் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் பார்த்தவுடன் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் செய்யும் யாருக்கும் இது தெரியும். சம்பா அறுவடையின்போது வயல் காய்ந்திருந்தால் டயர் வைத்த அறுவடை மெஷின் இறங்கும். கடைசி நேரத்தில் மழை பெய்து வயல் சேறாகிவிட்டால் டயர் புதைந்துவிடும், பெல்ட் மெஷின்தான் வர வேண்டும். வாடகையும் அதிகம். டிராக்டரைச் சேற்றில் இறக்குவதற்கு இரும்புக் கேஜ்வீல் மாட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ரஷ்யாவுக்குள் புகுந்த ஜெர்மன் படைக்கும் இதே பிரச்சினை வந்தது. 1941 இலையுதிர் கால மழையில் அவர்களுடைய லாரிகள் அச்சு வரை சேற்றில் புதைந்தன. அதனால் லாரியின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெல்ட் மாட்டினார்கள். அதற்கு ‘மவுல்டியர்’ என்று பெயர். நம் மொழியில் கோவேறு கழுதை! லாரிக்கும் டாங்கிக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் வேடிக்கை, அந்தப் பெல்ட் அமைப்பு பிரிட்டிஷ்காரர்களின் கார்டன்-லாய்டு டிசைனைப் பின்பற்றியது. இந்த ராக்கெட் வண்டிக்கு அடியில் இருப்பது ஓப்பல் கம்பெனியின் கோவேறு கழுதை. ஆம், 1990களின் கடைசியில் நம் ஊர் ரோட்டில் ‘அஸ்ட்ரா’ கார் விட்டதே, அதே ஓப்பல்தான்.

அப்பாவுக்கு வண்டி பிடித்துவிட்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்று எங்களுக்குக் கிடைத்த களம் போலந்து நாட்டு ஊர் ஒன்று. தேவாலயம், தெருக்கள், ஓட்டு வீடுகள் எல்லாம் அழகாக இருந்தன. மருமகன் ஒரு வீட்டு மூலையில் வண்டியை நிறுத்திப் பத்தையும் விட்டான். எதிர் வரிசையில் வேலியும் சுவரும் பறந்தன. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“ஏன் மாப்ள, இந்த ஊர்க்காரங்கல்லாம் எங்க போனாங்க?”

“கேம்ல ஊர்க்காரங்க இருக்க மாட்டாங்க தாத்தா.”

“அப்ப அடுப்பு யாரு பத்த வச்சா? அந்த மாடு கன்னெல்லாம்?”

அவன் என்னைப் பார்த்தான். நான் மானிட்டரைப் பார்த்தேன்.

இந்த இடத்தில்தான் என் கருத்து பிடிவாதமாகிறது. இந்தக் கேம் பல விஷயங்களில் மிகவும் நேர்மையானது. வண்டியின் மேல் மவுஸை வைத்தால் தகட்டின் கனம் மில்லிமீட்டர் கணக்கில் வரும். எந்த இடத்தில் பெட்ரோல் டாங்க், எந்த இடத்தில் டிரைவர் என்று உள்ளே பிரித்துக் காட்டும். ஆனால் இதே வண்டி விஷயத்தில் ஒரு பெரிய மாற்றத்தைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறது. நிஜத்தில் பான்ட்சர்வெர்ஃபர் டாங்கியோடு நேருக்கு நேர் நின்று மோதுகிற வண்டி அல்ல. அதன் ராக்கெட் ஆறு கிலோமீட்டருக்கு மேல் போகும். சுடுபவர்கள் பெரும்பாலும் அடிபடுபவர்களைப் பார்க்கவே மாட்டார்கள். குறி சுமாராக இருப்பது அங்கே குறையும் அல்ல. ஒரு ஆளை அடிப்பதற்காகச் செய்த ஆயுதமாக இருந்தால்தானே குறி வேண்டும்? இது ஒரு பரப்பை அடிப்பதற்காகச் செய்தது. அந்தப் பரப்பில் யார் இருந்தாலும் சரி.

கேமில் அந்தப் பரப்பைக் காலி செய்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் நமக்கு இது ஒரு ‘குறி தவறும் காமெடி வண்டி’யாகத் தெரிகிறது.

போலந்து என்றதால் அன்று இரவு அதைப் பற்றியே தேடிப் படித்தேன். 1944 ஆகஸ்ட் 1 அன்று வார்சா நகர மக்கள் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து எழுந்தார்கள். 63 நாட்கள் சண்டை நடந்தது. இறந்த பொதுமக்கள் மட்டும் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை. அந்த நகரத் தெருக்களின் மேல் இதே ராக்கெட் குடும்பத்தைச் சேர்ந்த ஆயுதங்கள் பாய்ந்தன. கிளம்பும்போது அவை எழுப்பிய ஓலத்தைக் கேட்டு வார்சா மக்கள் அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ‘க்ரோவா’. போலந்து மொழியில் பசு மாடு.

கன்றைப் பிரித்துக் கட்டினால் இரவெல்லாம் மாடு கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு அந்த மக்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். கத்தல் கேட்டதும் எண்ணத் தொடங்கியிருப்பார்கள், எங்கே விழும் என்று. கேமில் எனக்கு ஹெட்போனில் அந்தச் சத்தம் ‘சூப்பர் எஃபெக்ட்’ ஆகத்தான் கேட்டது.

நம் ஊரும் காலியாக இருந்தது

மறுநாள் பேச்சுவாக்கில், “ராக்கெட்டெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதுதானே மாமா?” என்றான் மருமகன். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நல்ல கதை கையில் இருந்தது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் (இன்றைய புள்ளலூர்) கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்தார்கள். இரும்புக் குழாயில் மருந்து நிரப்பி மூங்கிலில் கட்டிய மைசூர் ராக்கெட்டுகள் அங்கே பறந்தன. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததற்கு அவைதான் காரணம் என்று பல நூல்கள் கூறுகின்றன. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு அந்த ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் மையத்துக்குப் போனபோது மைசூர் ராக்கெட் போரின் ஓவியம் ஒன்று அங்கே மாட்டியிருந்ததைப் பார்த்ததாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். பையன் கண்கள் விரிந்தன. எனக்கும் பெருமைதான்.

ஆனால் அப்பாவின் கேள்வி விடவில்லை. அந்தப் படை அடுத்து எங்கே போனது என்று தேடினேன். 1781இல் அது தஞ்சாவூருக்கு வந்தது. எங்கள் வயல்களுக்கு!

அந்த நாட்களுக்கு இங்கே ‘ஐதர் கலாபம்’ என்றே பெயர். கரைகளும் வாய்க்கால்களும் பாழாயின. மாடுகளை ஓட்டிப் போனார்கள், மக்களையும் பிடித்துப் போனார்கள். மற்றவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். நெல் விளையும் பூமியில் நெல் இல்லை. 1782 பிப்ரவரியில் கும்பகோணம் அருகே அன்னகுடியில் கர்னல் பிரைத்வெயிட்டின் படை திப்புவிடம் தோற்றுச் சரணடைந்தது. ஐதரை மட்டும் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கு முன்பே 1773இல் ஆற்காட்டு நவாபுக்காக இதே கம்பெனிப் படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்துத் துளஜா மன்னரைச் சிறை வைத்திருந்தது. கொடி மாறினாலும் மிதிபட்டது ஒரே வயல்.

தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. வெளியே ஊர்களில் கொஞ்சம் நெல் இருந்தது. ஆனால் கொண்டு வர மாட்டு வண்டி தர யாரும் தயாராக இல்லை. பல முறை ஏமாந்த விவசாயிகள், அரசாங்கம் காசு தரும் என்று சொன்னால் நம்பவில்லை. கடைசியில் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார், “நான் பொறுப்பு” என்று சொன்ன பிறகே மாடுகள் வந்தன, நெல்லும் வந்தது. சொன்னபடி அவர் காசும் கொடுத்தார். சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷ்வார்ட்ஸ் தேவாலயத்தில், சரபோஜி மன்னர் அவருக்காக வைத்த பளிங்குச் சிற்பம் இன்றும் இருக்கிறது. அந்த வழியாகப் பல வருடங்கள் சைக்கிளில் போயிருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பான்ட்சர்வெர்ஃபரின் தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று எனக்குத் தெரியும். என் சொந்த ஜில்லாவில் ஊர்கள் ஒரு காலத்தில் அந்தக் கேமில் இருப்பது போலவே காலியாக இருந்தன என்று எனக்குத் தெரியாது.

அதனால் கேமை விட்டுவிட்டேனா? இல்லை. அந்தக் கேமும் அந்த வண்டியும் இல்லாவிட்டால் இதையெல்லாம் தேடியே இருக்க மாட்டேன். அக்காவிடம் கம்ப்யூட்டரைப் பூட்டாதே என்று சொன்னதற்கு அதுதான் காரணம். ஆனால் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது. பையன் தனியாக இருந்திருந்தால் அடுத்த மேட்ச் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நடைமுறை விஷயங்கள் சில. இந்த மாதிரி ஆன்லைன் கேமை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. “சாப்பிட வா” என்று கூப்பிட்டவுடன் பையன் எழவில்லை என்றால் திமிர் என்று நினைக்காதீர்கள். நடுவில் எழுந்தால் அவனுடைய அணி தவிக்கும். “இந்த மேட்ச் முடிஞ்சதும் எழுந்திரு” என்று சொல்லுங்கள், பிறகு அதை விடாமல் கடைப்பிடியுங்கள். முன்பின் தெரியாதவர்கள் பேசும் ‘சாட்’ வசதியை செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். இடம் நிறையப் பிடிக்கும், அதனால் இன்ஸ்டால் செய்யும் முன் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். கம்ப்யூட்டர் பழையது என்றால் கிராஃபிக்ஸைக் குறைத்து வைத்தாலே போதும், புதிய கார்டு வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். முக்கியமாக, உங்கள் வங்கிக் கார்டு விவரத்தை எந்தக் கேமிலும் சேமித்து வைக்க வேண்டாம். காலேஜில் படிக்கும்போது வேறொரு கேமில் தங்க நாணயம் வாங்குகிறேன் என்று மெஸ் பில் பணத்தை விட்டவன் சொல்கிறேன். அந்த மாதம் முழுவதும் பன்னும் டீயும்தான்.

அக்கா வீட்டு நிலவரம்: கம்ப்யூட்டர் அறையிலிருந்து ஹாலுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தாத்தாவுக்கு. போன வாரம் போனில் மருமகன் இன்னும் அந்தக் கோவேறு கழுதையைத்தான் ஓட்டுவதாகச் சொன்னான். லீவுக்கு வந்தால் ஷ்வார்ட்ஸ் தேவாலயத்துக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: “அந்த வண்டி மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்னு கேளு!”